கிக் ஆஃப் போட்டோ போதும், கடைசி விசில் போட்டோ போடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணத்துல இருந்து எழுதுறேன். எங்கப்பா காலத்துல இருந்து எங்க வீட்ல உங்க பேப்பர்தான், மாங்கா மண்டிக்கு கிளம்புறதுக்கு முன்னாடி மாவட்டப் பக்கத்த ஒரு பார்வை பார்த்துட்டுதான் வண்டிய எடுப்பேன். போன மாசம் அந்தப் பக்கத்துல எங்க பகுதியில நடந்த ஃபுட்பால் டோர்னமென்ட் ஃபைனல் செய்தி போட்டோவோட வந்திருந்துச்சு. ஆசையா எடுத்துப் படிச்சா, சிறப்பு விருந்தினர் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பால உதைக்கிற போட்டோ, அதுக்குக் கீழ ஒன்றியம், நகரம், வார்டு, இளைஞரணி, மாணவரணினு பொறுப்பாளர்கள் பேரு வரிசையா, கடைசியில "உட்பட பலர் கலந்து கொண்டனர்". அவ்ளோதாங்க செய்தி. எந்த டீம் ஜெயிச்சது, எத்தன கோல், யாரு அடிச்சா, ஒரு வரி கூட இல்ல.

அந்த ஃபைனல்ல ஜெயிக்கிற கோல அடிச்ச பையன் எங்க டீம் பையன். டிப்ளமோ படிக்கிறான், அவங்கம்மா மாம்பழக் கூழ் ஃபேக்டரியில மாங்கா வெட்டுற வேலைக்கு போறாங்க. பேப்பர்ல வந்திருக்குனு யாரோ சொல்லி, அவங்க கடையில காசு குடுத்து வாங்கி, பக்கத்து வீட்டுப் பொண்ண கூப்பிட்டு படிக்க சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு முழுசா படிச்சிருக்கு, "எம்புள்ள பேரு எங்க வருது கண்ணு, இன்னொரு வாட்டி நல்லா பாரு"ன்னு சொன்னதும் மறுபடி மொதல்ல இருந்து படிச்சிருக்கு. இல்லாத பேரு எங்க இருந்து வரும்? பையன் எதுவும் சொல்லல, ஆனா மறுநாள் பிராக்டிஸுக்கு வரல. அதனாலதான் இந்த கடிதம்.

அரசியல்வாதிங்க கிரவுண்டு பக்கமே வரக்கூடாதுன்னு நான் சொல்ல வரலீங்க, அத மொதல்லயே தெளிவா சொல்லிடுறேன். எங்க பக்கம் ஒரு டோர்னமென்ட் நடத்தணும்னா சுண்ணாம்பு, நெட், மைக் செட், ரெஃப்ரி படி, வெளியூர் டீமுக்கு சாப்பாடு, மொத பரிசு ரெண்டாம் பரிசுனு எங்க தொட்டாலும் காசு, அதுல பாதி அவங்க யாராவது குடுக்குறதுதான். அவங்க வந்தா கூட்டமும் வரும், போலீஸ் பர்மிஷனும் சுலபமா கிடைக்கும். கேள்வி அவங்க வரலாமா கூடாதாங்கறது இல்ல, வந்தவங்க எத பார்த்துட்டு போறாங்க, நீங்க எத போட்டோ எடுக்குறீங்கங்கறதுதான்.

ஃபுட்பால் ரசிகனுக்கு பாதி ஆட்டம் கிரவுண்டுல, மீதி பாதி கதையிலதான் நடக்கும். உலகக் கோப்பை பெரும்பாலும் ஜூன் ஜூலையில வரும், எங்களுக்கு அதுதான் மாம்பழ சீசன். ராத்திரி முழுக்க மண்டியில பெங்களூரா காய் லோடு ஏத்திட்டு இருப்போம், நடுவுல ஒரு செல்போன கிரேட் மேல சாத்தி வெச்சு பத்து பேர் பார்ப்போம், பெருசுங்க 86லயும் 90லயும் தூர்தர்ஷன்ல மாரடோனாவ பார்த்த கதைய ஆரம்பிச்சா விடிஞ்சிடும். அப்படி கேட்ட கதையில ராஜா, மந்திரி, மேயர், பிரசிடென்ட் வராத கதையே கம்மி.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் கதைய எங்க மண்டியில லோடுமேன் கூட சொல்லுவாரு. நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேர் வெறுங்கால்ல ஆடினாங்க, ஃபிரான்ஸ்கிட்ட 2-1னு தோத்தாங்க, ரெண்டு பெனால்டிய விட்டாங்க, நம்ம ஒரே கோல அடிச்சது மைசூருக்கு ஆடின சாரங்கபாணி ராமன். அதுக்கப்புறம் இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ், நம்ம டீம் ஆளு சைலன் மன்னாகிட்ட "பேன்ட்ட கொஞ்சம் தூக்கு, உன் காலு இரும்புல செஞ்சதா பார்க்கணும்"னு கேட்டதா ஒரு கதை. கேப்டன் டாக்டர் தாலிமெரன் ஆவ், "நாங்க ஃபுட்பால் ஆடுறோம், நீங்க ஆடுறது பூட்பால்"னு பதில் சொன்னதா இன்னொரு கதை. ராஜா நெஜமாவே கேட்டாரா இல்லையா, எனக்கு அது முக்கியமில்ல. நாட்ட ஆண்டவரு ஆடினவன் கால பார்த்து ஆச்சரியப்பட்டாருனு அந்த கதை சொல்லுது, ஆடினவன்தான் அதுல பெரியவன், அதனாலதான் இத்தன வருசமா சொல்லிட்டு இருக்கோம்.

1950 உலகக் கோப்பைக்கு வெறுங்கால்ல ஆட விடலனுதான் இந்தியா போகலனு ஊரே நம்புது. அது அப்படி இல்லீங்க. அன்னைக்கு நம்ம ஃபுட்பால் ஃபெடரேஷனுக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெருசு, உலகக் கோப்பைய அவங்க பெருசாவே எடுத்துக்கல. வெறுங்கால் விஷயமெல்லாம் அப்புறமா மூடி மறைக்க சொன்னதுனு சைலன் மன்னாவே சொல்லிட்டாரு. மேல ஒக்காந்திருந்த பெரிய மனுசங்க போகாம விட்டது, பழி மட்டும் ஆடுறவன் கால் மேல விழுந்துச்சு, இந்த கதைய சொல்றவங்ககிட்ட எல்லாம் நான் இத சொல்லிட்டே இருக்கேன்.

அதே 1950ல பிரேசில்ல நடந்தது இன்னும் பெரிய கதை. கடைசி மேட்ச், மரக்கானா ஸ்டேடியம், உருகுவேகிட்ட டிரா பண்ணா கூட பிரேசிலுக்கு கப். மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரியோ மேயர் மைக்க புடிச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்கதான் சாம்பியன்னு பேசிட்டாரு. ஒரு பேப்பர் இவங்கதான் உலக சாம்பியன்னு போட்டோவே போட்டுடுச்சு. உருகுவே கேப்டன் வரேலா அந்த பேப்பர கட்டு கட்டா வாங்கிட்டு வந்து, தன் டீம் ஆளுங்க அது மேல ஒண்ணுக்கு போகட்டும்னு பாத்ரூம் தரையில போட்டாருனு சொல்லுவாங்க. மேட்ச் 2-1, உருகுவே ஜெயிச்சது. ஆசிரியர் ஐயா, பேப்பர்ல வர்றத ஆடுறவன் எவ்ளோ மனசுல வெச்சிருப்பான்ங்கறதுக்காகதான் இத எழுதுறேன்.

அர்ஜென்டினாக்காரங்க இந்த விஷயத்துல நம்மள மாதிரியே சகுனம் பார்க்கிறவங்க. பெரிய ஆளு வந்தா டீம் தோக்கும்னு அங்க ஒரு நம்பிக்கை உண்டு. கார்லோஸ் மெனெம்னு ஒரு பிரசிடென்ட், 1990 உலகக் கோப்பை மொத மேட்ச்ச பார்க்க மிலனுக்கு போனாரு, மாரடோனா இருந்த சாம்பியன் டீம் கேமரூன்கிட்ட 1-0னு தோத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அங்க பாதி பேர் அவரு பேர வாயால சொல்ல மாட்டாங்க, வேற பேரு வெச்சுதான் சொல்லுவாங்க. 2022 உலகக் கோப்பையில சவுதிகிட்ட தோத்ததும் பழி, கத்தார்ல இருந்த முன்னாள் பிரசிடென்ட் மாக்ரி மேல விழுந்துச்சு. அவரு போக்கா ஜூனியர்ஸ் கிளப்புக்கே தலைவரா இருந்து அரசியலுக்கு வந்தவரு, அவரையே விடல. ஃபைனலுக்கு அப்போதைய பிரசிடென்ட் ஃபெர்னாண்டஸ் போகவே இல்ல, வீட்லயே ஒக்காந்து பார்த்தாரு. மெஸ்ஸி டீம் கப்போட ஊருக்கு வந்தப்ப லட்சக்கணக்குல ஜனம் ரோட்டுக்கு வந்துச்சு, ஆனா டீம் பிரசிடென்ட் மாளிகைப் பக்கம் போகவே இல்ல, எந்த அரசியல்வாதியும் கூட நின்னு போட்டோ எடுத்துக்க முடியல.

நம்ம பக்கமும் பசங்க இதையேதான் சொல்றாங்க. "அண்ணா, சீஃப் கெஸ்ட் வந்தா நமக்கு மொத பத்து நிமிசத்துல கோல் விழும்ணா." நான் ரொம்ப நாளா டீம கூட்டிட்டு போறவன், இது சகுனம் இல்ல, இதுக்கு காரணம் இருக்கு. நோட்டீஸ்ல நாலு மணினு போட்டிருப்பாங்க. பசங்க மூணரைக்கே ஓடி, குனிஞ்சு, காலு கைய நீட்டி உடம்ப சூடு பண்ணி நிப்பாங்க. நாலு மணிக்கு ஃபோன் வரும், அண்ணன் போச்சம்பள்ளி தாண்டிட்டாரு. நாலரைக்கு, அண்ணன் ஒரு துக்கத்துக்கு போயிட்டு வர்றாரு. அஞ்சேகாலுக்கு காரு வரிசையா கிரவுண்டுக்குள்ளயே வந்து கார்னர் ஃப்ளாக் பக்கத்துல நிக்கும், சுண்ணாம்பு லைன் அழிஞ்சு போகும். அப்புறம் ரெண்டு டீமையும் வரிசையா நிக்க வெச்சு கை குடுக்கல், சால்வை, வரவேற்புரை, வாழ்த்துரை. சூடேறின உடம்பு நின்ன எடத்துலயே ஆறிப்போயிடும், தொடை புடிச்சுக்கும், மொத ஸ்பிரின்ட்லயே பையன் நொண்டுவான். எந்தப் பக்கம் பேக், அதாவது கோல தடுக்க நிக்கிறவன், வயசு கூடினவனோ அந்தப் பக்கம் கோல் விழும்.

இன்னொண்ணு, நம்ம கிரவுண்டுல லைட் கிடையாது. பள்ளிக்கூட கிரவுண்டு, கோடையில வத்தின ஏரி, அதுதான் நமக்கு ஸ்டேடியம். அஞ்சரைக்கு ஆரம்பிச்சா ரெண்டாவது பாதியில பால் கண்ணுக்கு தெரியாது, அதனால முப்பது நிமிச பாதிய இருபதா கொறைப்பாங்க, அதுவும் பத்தாம நேரா டைபிரேக்கர்னு சொல்லிடுவாங்க. வருசம் பூரா ஓடி ஃபைனல் வந்த பசங்களுக்கு இது எவ்ளோ பெரிய அநியாயம்னு ஆடின யாருக்கும் தெரியும். கிக் ஆஃப் உதைச்சு போட்டோ எடுத்ததும் காரெல்லாம் கிளம்பிடும், கூடவே உங்க நிருபரும் அடுத்த நிகழ்ச்சிக்கு கிளம்பிடுவாரு. அவர குத்தம் சொல்லல, அவருக்கும் ஒரு நாளைக்கு அஞ்சாறு எடம், எல்லா எடத்துலயும் லேட்டு.

ஜெயிச்சவன் மேடையில பின்னாடி போற கதை ஊருக்கு ஊரு இருக்கு. 2022 டூரண்ட் கப் ஃபைனல், கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல பெங்களூரு எஃப்சி மும்பைய 2-1னு ஜெயிச்சது. ஓசூர்ல இருந்து நம்ம பசங்க வண்டி கட்டிட்டு போய் சப்போர்ட் பண்ற டீம் அது. மொத கோல அடிச்சவன் சிவசக்தி நாராயணன், காரைக்குடி பக்கத்துப் பையன். அந்த பரிசளிப்புல போட்டோவுக்காக கேப்டன் சுனில் சேத்ரிய கையால ஒதுக்கின காட்சி நாடு முழுக்க ஓடுச்சு, ஒதுக்கினவரு அப்ப மேற்கு வங்க கவர்னர் பொறுப்புல இருந்த நம்ம தமிழ்நாட்டுக்காரர் இல.கணேசன். அவரு இப்ப நம்மகூட இல்ல, மறைஞ்ச பெரியவர பத்தி கெட்ட எண்ணத்துல எழுதல, அவரு வேணும்னு பண்ணியிருப்பாருனும் நான் நம்பல, கேமரா முன்னாடி நிக்கணும்ங்கற பழக்கம் கைய அப்படி கொண்டு போயிருக்கும். அதே மேடையில இன்னொரு பெரிய மனுசர் சிவசக்தியையும் ஓரமா தள்ளினாரு. கோல் அடிச்ச தமிழ்ப் பையன் தன் கப்புக்கே ஓரத்துல நின்னான்ங்கறத நெனச்சா எனக்கு இப்பவும் ஆறல.

இது நம்ம நாட்டுல மட்டும் இல்ல. 2025 ஜூலைல அமெரிக்காவுல கிளப் உலகக் கோப்பை ஃபைனல், இங்கிலாந்து கிளப் செல்சி 3-0னு பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிய ஜெயிச்சது. டிரம்ப் கப்ப குடுத்துட்டு எறங்குவாருனு பார்த்தா எறங்கவே இல்ல, டீம் கப்ப தூக்குற வரைக்கும் நடுவுலயே நின்னாரு, ரெண்டு கோல் அடிச்ச செல்சி ஆளு பாமர், இவரு ஏன் இன்னும் நிக்கிறாருனு முழிச்சது போட்டோல அப்படியே தெரியும். அந்த வருசம் டிசம்பர்ல மெஸ்ஸி கொல்கத்தா வந்தாரு, ஜனங்க ஆயிரக்கணக்குல காசு குடுத்து டிக்கெட் வாங்கி ஒக்காந்தாங்க, கிரவுண்டுல வி.ஐ.பி.ங்க சுத்தி நின்ன கூட்டத்துல மெஸ்ஸி தலை கூட தெரியல, கொஞ்ச நேரத்துல அவரு கிளம்பிட்டாரு, அப்புறம் சேர் பறந்துச்சு, பாட்டில் பறந்துச்சு, முதலமைச்சர் மன்னிப்பு கேட்டாங்க. சேர உடைச்சது தப்புதான். ஆனா அந்த கோவம் எங்க இருந்து வந்துச்சுனு எங்க ஏரி கிரவுண்டுல நின்ன எந்தப் பையனுக்கும் புரியும்.

மேல இருக்கிறவங்க சண்டையில ஆடுறவங்க அடிபடுறதுக்கும் பஞ்சமில்ல. 2022 ஆகஸ்ட்ல நம்ம ஃபெடரேஷன் நிர்வாகக் குழப்பத்துக்கு உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா இந்தியாவ சஸ்பெண்ட் பண்ணுச்சு, ரெண்டு வாரத்துக்குள்ள தடை நீங்கிடுச்சு, ஆனா அதுக்குள்ள ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக தாஷ்கென்ட் வரைக்கும் போயிருந்த கோகுலம் கேரளா பொண்ணுங்க ஒரு மேட்ச் கூட ஆடாம திரும்பி வந்தாங்க.

இதுக்கு நேர் எதிரா ரசிகருங்க தலையில தூக்கி வெச்சு சொல்ற கதையும் இருக்கு, அதையும் சொல்லணும். 1982 உலகக் கோப்பை ஃபைனல், மாட்ரிட். இத்தாலி பிரசிடென்ட் பெர்டினி, எண்பத்தஞ்சு வயசு. ஸ்பெயின் ராஜா பக்கத்துல ஒக்காந்திருந்தவரு மூணாவது கோல் விழுந்ததும் எந்திரிச்சு நின்னு வெரல ஆட்டி, இனி நம்மள புடிக்க முடியாதுன்னாரு. ஊருக்கு திரும்பற பிளைட்ல கோச் பேர்சோட், கீப்பர் ஸோஃப், காஸியோ கூட ஒக்காந்து சீட்டு ஆடினாரு, டேபிள் மேல உலகக் கோப்பை. அந்த போட்டோவ எங்க மண்டியில ஒருத்தர் ரொம்ப வருசம் பர்ஸ்ல வெச்சிருந்தாரு, இத்தாலி எந்தப் பக்கம்னு கூட அவருக்கு தெரியாது.

2018 உலகக் கோப்பையில குரோஷியா பிரசிடென்ட் கொலிண்டா கிராபர், கட்டம் போட்ட டீ-ஷர்ட் போட்டுட்டு ரசிகருங்களோட சாதாரண கிளாஸ்ல பிளைட்ல போய், டென்மார்க் மேட்ச்ச கேலரியில நின்னு பார்த்தாங்க. ஃபைனல்ல தோத்தப்ப மாஸ்கோவுல மழை கொட்டுச்சு, புதினுக்கு மட்டும் குடை வந்துச்சு, இந்தம்மா சொட்டச் சொட்ட நனைஞ்சுட்டே ரெண்டு டீம் பசங்களையும் ஒவ்வொருத்தனா கட்டிப் புடிச்சு தேத்தினாங்க. அன்னைக்கு எங்க மண்டியில பொம்பளைங்க கூட காய் தரம் பிரிக்கிறத நிறுத்திட்டு அந்த செல்போன பார்த்தாங்க. அவங்க அரசியல் என்ன, நல்லதா கெட்டதா, எங்களுக்கு தெரியாது. மேட்ச் முடியுற வரைக்கும் இருந்தாங்க, தோத்தவன் கூட நின்னாங்க, அத யாரும் மறக்கல.

எனக்கே அப்படி ஒருத்தர பார்க்கிற பாக்கியம் கிடைச்சது. 2023 ஜூன் 21, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துல தெற்காசிய நாடுங்க ஆடுற சாஃப் கோப்பை, இந்தியா பாகிஸ்தான். சீசன் உச்சத்துல முதலாளிகிட்ட கெஞ்சி லீவு வாங்கிட்டு நாங்க சில பேர் பஸ் புடிச்சு சாந்திநகர்ல எறங்கி நடந்தே போனோம். பாகிஸ்தான் டீம் விசா லேட்டாகி அன்னைக்குதான் ஊருக்கே வந்து சேர்ந்திருந்தாங்க. பத்தாவது நிமிசம் அவங்க கீப்பர் பால நழுவ விட்டாரு, சேத்ரி பாய்ஞ்சு உள்ள தள்ளிட்டாரு. எங்க வரிசையில ஓரத்துல ஒரு பெரியவர், வெள்ளை சட்டை, சாதாரண பேன்ட், மடியில வறுத்த வேர்க்கடலை பொட்டலம், பக்கத்துல பேரன். மழை புடிச்சதும் எல்லாரும் ஓடுனாங்க, அவரு ஒரு பிளாஸ்டிக் கவர தலையில கவுத்துக்கிட்டு அப்படியே ஒக்காந்திருந்தாரு, கடலைய மட்டும் பேரன் சட்டைப் பாக்கெட்டுக்கு மாத்தி விட்டாரு. நம்ம கோச் ஸ்டிமாச் எதிர் டீம் ஆளு த்ரோ போடப் போறப்ப கையில இருந்து பால தட்டி விட்டு ரெட் கார்டு வாங்கினாரு பாருங்க, அப்ப ஸ்டேடியமே ரெஃப்ரிய திட்டுச்சு, இவரு மட்டும் "அது நம்ம ஆளு பண்ண தப்புப்பா, ரெஃப்ரி சரியாதான் குடுத்தாரு"ன்னாரு.

எங்ககூட வந்த தம்பி என் காதுல வந்து, "அண்ணா, இவரு நம்ம மாவட்டத்து முன்னாள் எம்.எல்.ஏ.ங்ணா"ன்னான். எந்தக் கட்சி, எந்தத் தொகுதினு எழுதல, எழுதினா பேச்சு வேற பக்கம் போயிடும். நான் எந்திரிச்சு, "ஐயா, வணக்கங்க, நீங்க..."ன்னு ஆரம்பிச்சேன். "மேட்ச் முடியட்டும் தம்பி, ஒக்காருங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது"ன்னாரு.

4-0 ஆச்சு, சேத்ரி மூணு, உதாந்தா ஒண்ணு. வெளிய வந்து ஒரு டீக்கடை ஓரமா நின்னோம், அவராதான் பேச ஆரம்பிச்சாரு. தர்மபுரியில பள்ளிக்கூடத்துல படிச்சப்ப வெறுங்கால்ல ஆடினது, அந்த காலத்து தோல் பால்ல நாடா போட்டு கட்டியிருப்பாங்க, ஹெட் பண்ணா அந்த நாடா நெத்தியில பட்டு கோடு கோடா வீங்கிடும்னு நெத்திய தொட்டுக் காட்டினாரு. எளவயசுல அல்சூர் பக்கம் சொந்தக்காரங்க வீட்ல இருந்தப்ப கௌதமபுரத்துல போய் மேட்ச் பார்ப்பாராம். பெலேவுக்கு செலை வெச்சிருக்கிற ஏரியா அது, வீட்டுக்கு வீடு தமிழ்ப் பேச்சு, பிரேசில்னா உசுர விடுவாங்க. நம்ம பக்கம் எந்த எந்த ஊர்ல இன்னும் டீம் இருக்கு, எந்த கிரவுண்டு போயிடுச்சு, ஏரிய யாராவது புடிச்சுட்டாங்களானு ஒண்ணொண்ணா கேட்டாரு.

"பதவியில இருந்தப்ப நெறைய டோர்னமென்ட் தொடங்கி வெச்சேன் தம்பி. ஒண்ணையாவது முழுசா பார்க்க விட்டாங்களா? ஒரு கிக் போட்டோ எடுத்ததும், அவ்ளோதாங்கய்யா, அடுத்த நிகழ்ச்சினு இழுத்துட்டு போயிடுவாங்க. பேப்பர்ல அந்த போட்டோதான வரப் போகுது, மேட்ச் முடியற வரைக்கும் இருந்து என்னத்துக்குனு கூட இருக்கிறவங்க சொல்லுவாங்க. இப்பதான் நிம்மதியா பார்க்கிறேன்"னாரு. சொல்லிட்டு பேரன் கைய புடிச்சுட்டு ஆட்டோ தேடிப் போனாரு, ஒரு செல்ஃபி கூட கேக்கத் தோணல எங்களுக்கு.

அவரு சொன்ன அந்த ஒரு வார்த்தைய வெச்சுதான் உங்ககிட்ட கேக்குறேன். பேப்பர்ல கிக் ஆஃப் போட்டோதான் வரும்னு தெரிஞ்சதாலதான் அவங்க கிக் ஆஃபோட கிளம்புறாங்க. நீங்க ஒரு சின்ன மாத்தம் பண்ணுங்க. தொடக்க விழா போட்டோவ நிறுத்திட்டு, கடைசி விசில் ஊதினதுக்கு அப்புறம் எடுத்த போட்டோ மட்டும்தான் மாவட்டப் பக்கத்துல வரும்னு முடிவு பண்ணுங்க. ஜெயிச்ச டீம் நடுவுல நிக்கட்டும், கப் கேப்டன் கையில இருக்கட்டும், விருந்தினர் பக்கத்துல நிக்கட்டும், அவரு பேரும் வரட்டும், வேணாம்னு யாரு சொன்னா? போட்டோல வரணும்னா கடைசி வரைக்கும் இருந்தாகணும், அப்படினா நேரத்துக்கு வந்தாகணும், அப்படினா நாலு மணி மேட்ச் நாலு மணிக்கு ஆரம்பிக்கும். எங்க பசங்க தொடை புடிக்காம ஆடுவாங்க, வெளிச்சத்துலயே மேட்ச் முடியும். மாவட்ட நிர்வாகத்துக்கு மனு குடுத்து, பேசிப் பேசி நடக்காதது உங்க ஒரு முடிவுல நடக்கும்னு நான் நெசமா நம்புறேன்.

செய்தியில ரெண்டு டீம் பேரு, ஸ்கோரு, கோல் அடிச்சவங்க பேரு, எத்தனாவது நிமிசம், ரெண்டு கீப்பர் பேரு, இவ்ளோ போதும், ரெண்டு வரிதான் ஆகும். தேர்தல் சமயத்துல ஒரு ஃபுட்பால் மேட்ச் ஒரு ஆட்சியவே மாத்தும்னு இங்கிலாந்துல இன்னைக்கும் சொல்றாங்க. 1970 ஜூன் 14 மெக்சிகோ உலகக் கோப்பையில 2-0னு முன்னாடி இருந்துட்டு மேற்கு ஜெர்மனிகிட்ட 3-2னு தோத்தாங்க, நாலு நாள்ல தேர்தல், பிரதமர் வில்சன் தோத்துட்டாரு, வயித்துக்கு முடியாம வெளிய ஒக்காந்த கீப்பர் பாங்க்ஸுக்கு பதிலா எறங்கின பொனெட்டி தலையிலதான் ரெண்டு பழியும். அந்த கீப்பர் பேரு இத்தன வருசம் கழிச்சும் எங்க மண்டி வரைக்கும் வந்திருக்குனா அன்னைக்கு பேப்பர்காரங்க எழுதி வெச்சதாலதான. எங்க ஊரு கீப்பர் பேர நீங்க எழுதலனா வேற யாரு எழுதுவா?

பேரு தப்பா வந்துடும்னு பயம் வேணாம். மேட்ச் முடிஞ்ச அர மணி நேரத்துல இனிஷியலோட, ஊரோட, ரெண்டு டீம் மேனேஜரும் சரி பார்த்து, ரெஃப்ரி கையெழுத்து போட்ட தாள நாங்களே போட்டோ எடுத்து உங்க கிருஷ்ணகிரி ஆஃபீஸ் வாட்ஸப்புக்கு அனுப்புறோம். பக்கத்து ஊர் டீம்காரங்ககிட்டயும் பேசிட்டேன், தர்மபுரி பக்கம் பாலக்கோடு, பென்னாகரத்துல இருக்கிற தெரிஞ்ச பசங்களும் இதுக்கு தயாரா இருக்காங்க. போன மாசம் விட்டுப் போன அந்த ஃபைனல் ஸ்கோர் 2-1, ஜெயிக்கிற கோல் கடைசி நிமிசத்துல கார்னர்ல இருந்து தலையால அடிச்சது. பையன் பேரு, ஊரு, ரெண்டு டீம் விவரம் எல்லாம் தனித்தாள்ல எழுதி இதோட வெச்சிருக்கேன், இடம் இருந்தா இந்த வாரமே ஒரு ஓரத்துல போடுங்க. மாம்பழ சீசன் முடிஞ்சு ஆடிப்பெருக்கும் தாண்டினதும் அடுத்த டோர்னமென்ட் ஆரம்பிக்கிறோம், நோட்டீஸ் அடிச்சதும் அனுப்புறேன், உங்க நிருபர நாலு மணிக்கு வராம அஞ்சரைக்கு வர சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.